லேத்தில் முளைத்த அரம்

வில்லன்ஹால் தெருக்களில் முதுகு நிமிர்ந்த ஓர் ஆளைப் பார்த்தால் அவன் வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லையென்றால் பாதிரியாராக இருப்பார், அதுவும் இல்லையென்றால் ஜேபஸ் பேக்லியாக இருப்பான். நான்காவது ஒருவன் அந்த ஊரில் கிடையாது. பூட்டும் சாவியும் செய்து பிழைக்கிற ஊர். பத்துப் பன்னிரண்டு வயதில், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸுக்கு முன்னால் நின்று அரத்தைக் கையில் எடுத்தவனுக்கு நாற்பது வயதில் முதுகு வைஸைப் பார்த்தே வளைந்துவிடும். அப்புறம் அவன் சாப்பிடும்போதும் சேப்பலில் பாடும்போதும் ஏதோ கண்ணுக்குத் தெரியாத சாவியை ராவிக்கொண்டிருப்பதுபோலத்தான் இருப்பான். பக்கத்து ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். வில்லன்ஹால்காரர்களுக்கு அதில் பெருமைதான்.

'மணியும் பூட்டும்' என்ற பப்பில் நீளப் பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் வரிசையாகப் பள்ளங்கள் இருந்தன, கூன் முதுகைச் சாய்த்துக்கொள்வதற்கு. ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு குடும்பத்துக்குச் சொந்தம். அப்பா போனால் மூத்த மகனுக்கு வரும். மகனின் முதுகு அளவு ஒத்துவரவில்லை என்றால் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுரண்டச் சொல்வார்கள். சவ அடக்கத்துக்கே கொத்தனார் உளியோடு வந்துவிடுவது வழக்கம். பேக்லி குடும்பத்துப் பள்ளம் ஜேபஸுக்கு வந்தபோது அவன் முதுகு பலகைபோல நிமிர்ந்திருந்தது. அவன் அங்கே உட்கார்ந்தால் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் பப்பின் பூனை வந்து படுத்துக்கொள்ளும். இரண்டு முறை அங்கேயே குட்டியும் போட்டது.

அவன் முதுகு வளையாததற்குக் காரணம் லேத், சுழற்றிக் கடைகிற இயந்திரம். பதின்மூன்று வயதில் அவனை வுல்வர்ஹாம்ப்டனில் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டார்கள். லேத்துக்காரன் நிமிர்ந்து நின்றுதான் வேலை செய்தாக வேண்டும். குனிந்தால் மூக்கு போய்விடும். ஆகவே ஊரில் அவன் ஓர் அரைகுறை ஆள். அவன் சொன்னது எதற்கும் மதிப்பில்லை. "அரம் பிடிக்காதவனுக்கு என்னடா தெரியும்" என்று சின்னப் பையன்கள்கூடக் கேட்பார்கள்.

அப்படிப்பட்டவனுக்கு லேயா மனைவியாக வாய்த்ததுதான் வேடிக்கை. சேப்பல் சந்தில் அவளைப்போலச் சாவிப் பல் ராவுகிற ஆள் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. அவள் வேகமாக ராவும்போது அரம் கண்ணுக்குத் தெரியாது, தூள் விழுவதுதான் தெரியும் என்பார்கள். பக்கத்து வீட்டு ஏபல் டாங்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், அவள் கர்ப்பத்திலிருந்து வரும்போதே கையில் ஒரு சின்ன அரம் இருந்தது, மருத்துவச்சியின் விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது என்பார். கல்யாணத்துக்கு முன்னால் ஜேபஸ் அவள் அப்பாவின் பட்டறைக்குப் போய் ஓர் அரம் கடன் கேட்டானாம். அந்த ஊரில் அரத்தைக் கடன் கேட்பது, பல் துலக்குகிற பிரஷைக் கடன் கேட்பது மாதிரி. லேயா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தபோது வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பித்தளையில போட்டியா?"

"இல்லையே."

"இரும்புல?"

"எதுலயும் போடல. உன்னைப் பார்க்கத்தான் கேட்டேன்."

"அப்ப ஏன் அழுக்கா இருக்கு?"

"சட்டைப் பையில வச்சுக்கிட்டே தூங்கிட்டேன்."

ஆறு மாதத்தில் கல்யாணம் நடந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒரு முற்றம். முற்றத்தின் இந்தக் கோடியில் செங்கல் கட்டிய லேயாவின் பட்டறை. வடக்குப் பார்த்த சன்னல், சன்னலுக்குக் கீழே வைஸ். அந்தக் கோடியில் தகரக் கூரை போட்ட ஜேபஸின் கொட்டகை. முதல் யுத்தம் முடிந்ததும் எங்கேயோ மூடிவிட்ட ஒரு தொழிற்பள்ளியிலிருந்து வாங்கிய பழைய லேத் அதில் இருந்தது. நடுவில் துணி காயும் கொடி. பகலில் தொழிற்சாலையில் லேத், சாயங்காலம் வீட்டில் லேத் என்று அவன் பாட்டுக்குக் கதவுக் குமிழும் மெழுகுவர்த்தித் தண்டும் கடைந்துகொண்டிருப்பான். அவள் பாட்டுக்கு அங்கே ராவிக்கொண்டிருப்பாள். இருபத்தேழு வருஷம். அவன் கொட்டகைக்குள் அவள் காலெடுத்து வைத்ததில்லை. "வழவழன்னு உருட்டுற வேலை. அதுல பார்க்க என்ன இருக்கு" என்பாள்.

அவள் ராவிய சாவிகளில் பெயர் கிடையாது. யார் ராவியதிலும் கிடையாது. ஆனால் சனிக்கிழமைதோறும் கிடங்கில் சாவிகளை வாங்கிப் பார்க்கிற மிஸ்டர் வைல்டிங்குக்குப் பெயர் தேவைப்படவில்லை. சன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாவியின் பல்லைத் திருப்பிப் பார்ப்பார். அரம் போன தடம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி. லேயாவின் தடம் மெல்லிய கோடுகளாக, இடப்பக்கம் சாய்ந்த தூறல்போல இருக்கும். "லேயா பேக்லி" என்று சொல்லி ஒரு பெட்டியில் போடுவார். ஒரு முறைகூடத் தவறாகச் சொன்னதில்லை.

இரண்டாம் யுத்தத்தில் தொடங்கிய இறைச்சி ரேஷன் முடிந்த வருஷம் அது. பதினான்கு வருஷம் கழித்து, கேட்ட அளவுக்குப் பன்றிக்கறி. ஊரே வறுத்துக்கொண்டிருந்தது, ஜூலை மாதம் முழுக்கச் சந்தின் மேல் ஒரு கொழுப்புப் புகை நின்றது, அதைக் குடித்தே நாய்கள் கொழுத்தன. லேயாவும் கறிக்கடைக்குப் போய்ப் பெரிய துண்டாக வாங்கி வந்து, சட்டியில் சாம்பல் நிறப் பட்டாணியோடு போட்டு வேகவைத்து, இறக்கப் போனாள். வலது கை சட்டியைத் தூக்கவில்லை. கட்டை விரல் மூடவில்லை. பட்டாணி எல்லாம் தரையில்.

ஜேபஸ் ஓடி வந்தான். "சுட்டுக்கிட்டியா?"

"சுட்டிருந்தாத் தேவலையே" என்றாள் அவள். அப்போதுதான் தெரிந்தது, இரண்டு மாதமாகவே மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, அவள் சொல்லாமல் துணி சுற்றிக்கொண்டு ராவியிருக்கிறாள்.

டாக்டர் முழங்கை முதல் விரல் கணு வரை மாவுக்கட்டுப் போட்டார். ஆறு வாரம் என்றார். "அப்புறம் ராவலாமா" என்று லேயா கேட்டாள்.

"அப்புறம் டீ கப் தூக்கலாம்மா. தலை வாரிக்கலாம். அரம் தள்ளுற வேலையை இந்தக் கை மறந்துடணும். மறுபடி ஆரம்பிச்சீங்கன்னா டீ கப்பும் கிடையாது."

கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. பல் வெட்டாத மொட்டைச் சாவிகளை மூட்டையாகக் கட்டி வாரா வாரம் ஒவ்வொரு பட்டறைக்கும் கொடுப்பார்கள். வேலை திரும்பி வராத பட்டறையின் மூட்டை அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒரு முறை கை மாறின மூட்டை திரும்பி வந்ததாக அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. லேயாவுக்காக மிஸ்டர் வைல்டிங் நான்கு சனிக்கிழமை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். அது அவர் அளவுக்குப் பெரிய மரியாதை. ஆகஸ்டின் கடைசிச் சனிக்கிழமை பன்னிரண்டு டஜன் சாவி மேஜைமேல் இருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் லேயா தன் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, "ஜேபஸ், அந்த வைஸைக் கழட்டிடு" என்றாள்.

"ஏன்?"

"தினமும் வாயைத் திறந்து வச்சுக்கிட்டு என்னையே பார்க்குது. என்னால முடியல. ஸ்டாஃபோர்டுல அக்கா வரச் சொல்றா. சன்னல் பக்கம் நாற்காலி போட்டுத் தர்றாளாம். உட்கார்ந்துக்கலாமாம்."

அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால் ஜேபஸுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். 'உட்கார்ந்துக்கலாமாம்' என்று அவள் சொன்ன விதத்தைக் கேட்டுவிட்டு அவன் ஸ்பேனரை எடுத்தான். வைஸின் அடியில் குனிந்து இரண்டு தட்டு தட்டினான். "நட்டு துருப்பிடிச்சுக்கிச்சு. எண்ணெய் விட்டு ஒரு மாசம் ஊறணும்" என்றான். நட்டு நேற்றுப் போட்டதுபோல மினுமினுவென்று இருந்தது. அன்று அரம் கடன் கேட்டது முதல் பொய் என்றால், வாழ்க்கையில் அவன் அவளிடம் சொன்ன இரண்டாவது பொய் அது. நேராகக் கொட்டகைக்குப் போய்ச் சர்க்கரைப் பையின் பின்பக்கத்தில் படம் போட ஆரம்பித்தான்.

தொழிற்சாலையில் அச்சு செய்கிற பகுதியில் ஓர் இயந்திரத்தை அவன் பார்த்திருந்தான். மேஜை நடுவில் ஓட்டை. ஓட்டை வழியாக ஓர் அரம் தையல் ஊசிபோல மேலும் கீழும் போய்வரும். வேலையை, அதாவது ராவ வேண்டிய துண்டை, விரலால் தள்ளிக் கொடுத்தால் போதும். தோளும் மணிக்கட்டும் சும்மா இருக்கலாம். அப்படி ஒன்றை வாங்க அவன் தலையை அடகு வைத்தாலும் முடியாது. ஆனால் லேத் சுற்றுகிறது. சுற்றுவதை மேலும் கீழுமாக மாற்ற வேண்டியதுதானே என்று யோசித்தான். லேத்தின் சக்கில், அதாவது கவ்விச் சுற்றுகிற வாயில், ஒரு வட்டத் தகடு. தகட்டில், நடுவைவிட்டுத் தள்ளி ஒரு முளை. முளை சுற்றி வரும்போது ஒரு செங்குத்துத் தண்டை ஏற்றி இறக்கும். தண்டின் தலையில் அரம். தண்டு ஆடாமல் இருக்க ஒரு குழல், குழலுக்கு மேலே ஒரு மேஜை, எல்லாவற்றையும் லேத்தின் அடிப்பக்கத்துப் படுகையில் இறுக்கிப் பிடிக்க ஒரு தாங்கி. வேலை முடிந்தால் கழற்றி அலமாரியில் வைத்துவிடலாம்.

முதல் வாரத்தில் வீட்டில் சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன.

"துணி பிழியற மெஷின் ஏன் ஒரு பக்கமா இழுக்குது?" என்றாள் லேயா.

"வயசாயிடுச்சு."

"அதுல ஒரு பக்கம் பித்தளைக் குழல் இருந்துச்சு."

"அதுக்கும் வயசாயிடுச்சு."

சைக்கிள் பெடலின் அச்சு முளையாயிற்று. ஒரு வாரம் அவன் ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டு வேலைக்குப் போனான். கொடுத்து வைத்தது இஸ்திரிப்பெட்டிதான். அவன் அம்மா காலத்து இரும்புப் பெட்டி. கைப்பிடியை அறுத்து எறிந்துவிட்டு, வழவழப்பான அடிப்பாகம் மேலே வரும்படி கவிழ்த்து, நடுவில் சதுர ஓட்டை போட்டான். அதைவிடச் சமமான மேஜை அந்த ஊரில் யாரிடமும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சேப்பலுக்குக் கசங்கின சட்டையோடு போனான். லேயா பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி, "என்னவோ பண்ற. சொல்லாத. சொன்னா நான் நம்பிடுவேன்" என்றாள், உதடு அசையாமல்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை இயந்திரம் தயார். லேத்தை மெதுவான சுற்றில் போட்டான். அரம் இஸ்திரிப்பெட்டியின் நடுவிலிருந்து எழுந்து, தலையாட்டி, உள்ளே போயிற்று. மறுபடி எழுந்தது. ஜேபஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு ஒரு மொட்டைச் சாவியை எடுத்து அரத்தின் பக்கம் நகர்த்தினான்.

சாவி பறந்தது. கூரைத் தகரத்தில் 'டங்' என்று அடித்து, சன்னல் வழியே வெளியே போயிற்று. இரண்டாவது சாவியும் அப்படியே. மூன்றாவது அவன் காதுமடலை உரசிக்கொண்டு போயிற்று. பக்கத்து வீட்டு ஏபல் டாங்ஸ், சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்: அன்று புறாக்கூண்டைத் திறந்து பார்த்தால் பெட்டைப் புறா ஒரு சாவியின்மேல் அடைகாத்துக்கொண்டிருந்தது, எடுக்கப் போனால் கொத்தியது, விட்டுவிட்டேன், மூன்று வாரம் உட்கார்ந்திருந்தது என்று. என்ன பொரிந்தது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

ஏபல் வேலியைத் தாண்டி வந்தார். அறுபது வயது, நிற்கும்போது தன் பூட்ஸைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்க்க வேண்டுமானால் பக்கவாட்டில் தலையைத் திருப்ப வேண்டும். இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது என்ன தம்பி, ஆட்டுக்குட்டியா? தலையைத் தூக்கித் தூக்கி முட்டுது?"

"ராவுறதுக்கு, ஏபல் அண்ணே. லேயாவுக்கு."

"ராவவே விட மாட்டேங்குதே. அமுக்கிப் பிடி. துணி தைக்கிற மெஷின்ல பாதம் இருக்குமே, அது மாதிரி ஒண்ணு வச்சு அமுக்கு."

மறுநாள் லேயாவின் தையல் மெஷினில் பாதம் இல்லை. சாவி அப்போதும் குதித்தது. "ஸ்பிரிங் போடு" என்றார் ஏபல். பழைய குழந்தை வண்டியின் ஸ்பிரிங்கைப் போட்டான். குதிப்பது நின்றது. ஆனால் இப்போது சாவியை நகர்த்தவே முடியவில்லை. சுத்தியலால் தட்டித்தான் நகர்த்த வேண்டியிருந்தது. அரம் சூடாகி, கீச்சிட்டு, முறிந்தது. விஷயம் பரவி, வேலை முடிந்து போகிறவர்கள் எல்லாரும் கொட்டகை வாசலில் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஐம்பது வருஷம் ராவினவர்கள், அறுபது வருஷம் ராவினவர்கள். பக்கவாட்டில் தலையைத் திருப்பி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மேஜையைச் சாய்த்து வை. வேகத்தைக் கூட்டு. வேகத்தைக் குறை. இன்னும் பெரிய ஸ்பிரிங். ஒருவர் ரயில் வண்டியின் ஸ்பிரிங் எங்கே கிடைக்கும் என்று தனக்குத் தெரியும் என்றார். ஜேபஸ் எல்லாவற்றையும் செய்து பார்த்தான். அரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், அரம் தெரியாதவன் நான் என்று அவன் தன் மனசில் தோன்றியதைக்கூட ஒதுக்கி வைத்தான். மூன்றாவது சனிக்கிழமையும் போயிற்று. ஆறு அரம் முறிந்திருந்தது. ஸ்டாஃபோர்டிலிருந்து அக்கா இரண்டாவது கடிதம் போட்டிருந்தாள். நாற்காலிக்குப் புது உறை தைத்துவிட்டாளாம்.

திங்கட்கிழமை சாயங்காலம். ஏபல் வேலிமேல் சாய்ந்திருந்தார். ஜேபஸ் ஏழாவது அரத்தை மாட்டி லேத்தைப் போட்டான். கொடிக்கு அந்தப் பக்கம் லேயா இடது கையால் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உரிப்பதை நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஜேபஸ்" என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். "அதை நிறுத்து."

நிறுத்தினான்.

"மறுபடி போடு. வேலை வைக்காம, சும்மா போடு. இப்ப வேலையை வை." சாவி கடகடவென்று ஆடியது. "நிறுத்து. அது மேல போறப்பக் கடிக்குது."

"என்னது?"

"உன் அரம். மேல ஏறுறப்பக் கடிக்குது, கீழ இறங்குறப்பச் சும்மா வருது. ரெண்டு வாரமாக் கேட்டுக்கிட்டிருக்கேன். என்னவோ தப்பாப் பாடுதே, என்ன பாட்டுன்னு புரியலையேன்னு நினைச்சேன்."

அவள் கத்தியை வைத்துவிட்டு, மாவுக்கட்டுக் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கொடியில் காய்ந்த துணியை விலக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தாள். தன் இஸ்திரிப்பெட்டி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தாள். துணி பிழிகிற மெஷினின் குழலைப் பார்த்தாள். தையல் பாதத்தைப் பார்த்தாள். அரத்தின்மேல் விரலை வைத்துத் தடவினாள்.

"எந்தப் பக்கம் பிடிச்சு மாட்டியிருக்க?"

"வாலைத்தான்" என்றான் ஜேபஸ். பிடி மாட்டுகிற கூர்மையான முனைக்கு வால் என்று பெயர். "அரத்தை வாலைத்தானே பிடிப்பாங்க."

"ஆமாமா, வாலைத்தான் பிடிப்பாங்க" என்றார் ஏபல் வேலியிலிருந்து. "வேற எதைப் பிடிக்கிறது?"

"கையில பிடிச்சா வாலு. நம்ம கையி தள்ளும், அரத்தோட பல்லு வாலுக்கு எதிர்ப்பக்கம் சாய்ஞ்சிருக்கும், தள்ளத் தள்ளக் கடிக்கும். சரி. இங்க கீழே இருந்து மேல தள்ளுது. மேல தள்ளினா வேலை எங்க போகும்? மேலதான் போகும். மேல என்ன இருக்கு அதைத் தாங்கறதுக்கு?"

"கூரை" என்றான் ஜேபஸ்.

"ஏபல் அண்ணனோட புறா" என்றாள் லேயா. "தலைகீழா மாட்டு. மூக்கைக் கீழே பிடி, வாலு மேல நிக்கட்டும். அப்பக் கீழே இறங்குறப்பக் கடிக்கும். கடிக்கிறப்ப வேலையை மேஜையோட சேர்த்து இழுத்து வச்சுக்கும். பாதமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். என் பாதத்தைக் கழட்டிக் குடு."

நாற்பது பேர் வந்து பார்த்த இயந்திரம். எல்லாரும் பிறந்தது முதல் அரத்தைப் பிடித்தவர்கள். அதனால்தான் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மூக்கைப் பிடித்து ராவுகிற ஒரு மனிதனை அந்த ஊரில் யாரும் கனவில்கூடக் கண்டதில்லை. வாலைப் பிடித்திருப்பதைப் பார்த்ததும், அரம் சரியாக இருக்கிறது, மற்றதில்தான் கோளாறு என்று அவர்கள் கண் தாண்டிப் போய்விட்டது.

ஏபல் தலையைப் பக்கவாட்டில் திருப்பி ஜேபஸைப் பார்த்தார். "நான் சொல்லலாம்னுதான் இருந்தேன், தம்பி" என்றார். "நீயா கண்டுபிடிக்கட்டுமேன்னு விட்டேன்."

அரத்தின் மூக்கு மெல்லிசு; சும்மா பிடித்தால் நழுவும். ஜேபஸ் இரண்டு சாயங்காலம் செலவழித்து, தண்டின் தலையில் ஒரு பிளவு வெட்டி, இரண்டு பக்கமும் பித்தளைத் துண்டு கொடுத்து, இரண்டு திருகாணியால் இறுக்கினான். புதன்கிழமை லேயா முக்காலியை இழுத்துப் போட்டு லேத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். மாவுக்கட்டை இஸ்திரிப்பெட்டியின் ஓரத்தில் சார்த்திக்கொண்டாள். இடது கையின் இரண்டு விரலால் மொட்டைச் சாவியை நகர்த்தினாள். அரம் இறங்கியது. சாவி மேஜையில் ஒட்டிக்கொண்டது. தூள் கீழே கொட்டியது.

அவள் முகத்தை ஜேபஸ் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது ஆகிவிடும் என்று எண்ணெய்க் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லு" என்றாள். "சரி. இன்னும் கொஞ்சம். ம். இப்ப நடக்குது."

புதன், வியாழன், வெள்ளி. அவன் தொழிற்சாலைக்குப் போனது வெள்ளிக்கிழமை ஒருநாள்தான். மற்ற இரண்டு நாளும் வயிற்று வலி என்று சொல்லி அனுப்பிவிட்டு அரம் மாற்றுவதும் டீ போடுவதுமாக இருந்தான். ஒவ்வொரு சாவியையும் இயந்திரத்திலிருந்து எடுத்ததும் லேயா தன் பழைய வைஸுக்குப் போனாள். அவன் வைஸை இறுக்கிக் கொடுக்க, இடது கையால் மூன்றே மூன்று தள்ளு தள்ளினாள். "இயந்திரம் பண்ணினதை அப்படியே குடுக்க மாட்டேன். கடைசியா என் கை பட்டாகணும்" என்றாள். இடது கையால் அவள் அதுவரை ரொட்டிக்கு வெண்ணெய்கூடத் தடவினதில்லை. முதல் இருபது சாவியைத் தூக்கி எறிந்தாள். அப்புறம் எறியவில்லை.

சனிக்கிழமை காலை பன்னிரண்டு டஜன் சாவியை ஜேபஸ் தோளில் தூக்கிக்கொண்டான். லேயா சேப்பல் தொப்பி வைத்துக்கொண்டாள். கிடங்கில் மிஸ்டர் வைல்டிங் மேஜைக்குப் பின்னால் இருந்தார். வெள்ளை மீசை, கறுப்புக் கோட்டு. அவளுடைய மாவுக்கட்டைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். ஒரு சாவியை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனார்.

வெகுநேரம் பார்த்தார். பெருவிரலால் தடவினார். பல்லின் உள்மூலையில், கையெட்டாத இடத்தில், தடம் செங்குத்தாக, ஆணியடித்தாற்போல நேராக இருந்தது. மேலே மட்டும் மெல்லிய தூறல். அந்தத் தூறல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"இது யார் ராவினது?" என்றார்.

"நான்தான்" என்றாள் லேயா.

"இருபத்தேழு வருஷமா உன் சாவியைப் பார்க்கிறேன், மிஸஸ் பேக்லி."

"இருபத்தேழு வருஷமா வலது கையால ராவினேன், மிஸ்டர் வைல்டிங்."

"உள்ள கோடு நேரா இருக்கே. மனுஷக் கையி நேராப் போகாது."

ஜேபஸ் வாயைத் திறந்தான். லேயா அவன் காலை மிதித்தாள்.

"உள்ள போனது இவர் லேத்து" என்றாள். "தள்ளுறது அது. எங்க நிறுத்தணும், எவ்வளவு எடுக்கணும்னு பார்த்தது நான். வெளிய இருக்கிறது என் இடது கை. ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. பூட்டுல போட்டுப் பாருங்க. திறக்கலைன்னா மூட்டையை வேற யாருக்காவது குடுத்துடுங்க, நான் ஸ்டாஃபோர்டு போறேன்."

மிஸ்டர் வைல்டிங் ஆறு பூட்டை எடுத்து வரிசையாக வைத்தார். மூட்டையில் கைவிட்டு, பார்க்காமல், மேலிருந்து ஒன்று, அடியிலிருந்து ஒன்று என்று ஆறு சாவியை எடுத்தார். முதல் பூட்டு திறந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது சாவி நடுவில் நின்றது. மிஸ்டர் வைல்டிங் சாவியை வெளியே எடுத்து, பூட்டின் வாயில் ஊதி, உள்ளே கிடந்த ஒரு தூளைத் தட்டிவிட்டு, மறுபடி போட்டார். திறந்தது. ஐந்து, ஆறு.

அவர் ஆறாவது சாவியை மட்டும் மறுபடி சன்னலுக்குக் கொண்டுபோனார்.

"காத்து மாறி அடிக்குது போல இருக்கு" என்றார். "சரி. இனிமே இந்தப் பக்கம் சாய்ஞ்சது லேயா பேக்லின்னு நான்தான் கத்துக்கணும்." அடுத்த வாரத்து மொட்டைச் சாவி மூட்டையை எடுத்து ஜேபஸின் கையில் வைத்தார். "நீங்கதான் லேத்தா?" என்று கேட்டார். ஜேபஸ் தலையாட்டினான்.

திரும்பும் வழியில் லேயா சந்து முனையில் நின்று, "அக்காவுக்கு எழுதணும்" என்றாள். "நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்லி. நீ எழுது. என் கையி இப்ப ராவ மட்டும்தான் செய்யும்."

அதற்குப் பிறகு பதினொரு வருஷம் லேயா அந்தக் கொட்டகையில் வேலை செய்தாள். கை சரியாகி டீ கப் தூக்கியது, தலை வாரியது. டாக்டர் சொன்னதற்கு மேல் ஒன்றும் அவள் அதனிடம் கேட்கவில்லை. இரண்டு பேர் நிற்கக் கட்டாத கொட்டகை அது. சாயங்காலம் ஜேபஸ் உள்ளே வந்தால் ஒருவர் மூச்சு விட்ட பிறகுதான் அடுத்தவர் மூச்சு இழுக்க வேண்டும். "தள்ளி நில்லுய்யா" என்பாள். தள்ளி நிற்க இடமிருக்காது. அவன் தள்ளி நின்றதுபோலப் பாவனை செய்வான். அவளுக்கும் அது தெரியும். அந்த வருஷங்களில் அவன் ஒரு மெழுகுவர்த்தித் தண்டுகூடக் கடையவில்லை. கேட்டால், "லேத் காலியா இல்லையே" என்பான், ஏதோ பெரிய சொத்து வந்ததுபோல.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பெல்ட் மெதுவான சுற்றில் இருக்கிறதா என்று பார்ப்பான். புது அரத்தை மூக்கைக் கீழே பிடித்து மாட்டுவான். சுவிட்சைப் போட்டுவிட்டு அவள் முக்காலியில் உட்காரும்வரை நிற்பான். அப்புறம் வெளியே வந்து, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, வாசல் கதவருகில் ஒரு நிமிஷம் காது கொடுத்து நிற்பான். கீழே இறங்கும்போது கடிக்கிற சத்தம் கேட்டதும் மிதித்துக்கொண்டு போய்விடுவான்.